ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மலேரியா பற்றிக் கேட்கும் கேள்விகள்

நைஜீரியாவில் லாகோசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அறை ஒதுக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், அவர்கள் விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுட்டேன் அண்ணே. மலேரியாவுக்கும் அதுவே போதும்ல?

போதாது. மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரசால் வருவது, மலேரியா ஒட்டுண்ணியால் வருவது. இரண்டையும் கொசுதான் பரப்புகிறது, ஆனால் கொசுவும் வேறு வேறு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ வேறு அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ ஊசி போட்டால் கிடைக்கும் மஞ்சள் அட்டையை விமான நிலையத்தில் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆனபிறகுதான் அந்த அட்டை செல்லும். 2016 முதல் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியாவுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று எந்த விமான நிலையத்திலும் யாரும் கேட்பதில்லை. அதனாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மலேரியாவுக்கும் தடுப்பூசி வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். வந்திருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒன்றையும் 2023-இல் இன்னொன்றையும் பரிந்துரைத்தது. இரண்டாவதைத் தயாரிப்பது நம் புனேயில் இருக்கும் சீரம் இன்ஸ்டிடியூட். ஆனால் இரண்டுமே மலேரியா பரவும் பகுதியில் வளரும் சிறு குழந்தைகளுக்கானவை. வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குப் போடுவதில்லை.

எந்தெந்த நாட்டுக்குப் போனா இந்தப் பயம்? துபாய், சிங்கப்பூர்லயும் இருக்கா?

அங்கே இல்லை. சிங்கப்பூர் 1982-லும் ஐக்கிய அரபு அமீரகம் 2007-லும் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றவை. எகிப்துக்கும் 2024-இல் கிடைத்தது. மொரீஷியசிலும் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது சகாராவுக்குத் தெற்கே. நைஜீரியா, கானா, காங்கோ, உகாண்டா, தான்சானியா, மொசாம்பிக், அங்கோலா, ஜாம்பியா எல்லாம் இதில் வரும். ஒரே நாட்டுக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறும். அடிஸ் அபாபா உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா இல்லை, ஆனால் எத்தியோப்பியாவின் தாழ்ந்த பகுதிகளில் நிறைய உண்டு. நைரோபியில் ஆபத்து குறைவு, மொம்பாசா கடற்கரையில் அதிகம். ஜோகன்னஸ்பர்க்கில் இல்லை. ஆகவே நாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல், தலைமை அலுவலகம் எங்கே, நீங்கள் தங்கப் போகும் சைட் எங்கே என்று ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலயே எனக்கு மலேரியா வந்திருக்கு. மாத்திரை போட்டேன், போயிடுச்சு. இதுக்கா இவ்ளோ பில்டப்?

நம் ஆட்கள் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான். சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. ஆளைப் போட்டு வாட்டும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. ஆப்பிரிக்காவில் வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், குணம் வேறு. ஃபால்சிபாரம் புகுந்த ரத்தச் சிவப்பணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கின்றன. மூளையில் அடைத்தால் நினைவு தப்பும், சிறுநீரகத்தில் அடைத்தால் அது வேலை செய்யாது. சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது இரண்டு மூன்று நாளில், சிலருக்கு ஒரே நாளில், இந்த நிலைக்கு வந்துவிடும்.

2023-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், அதில் சுமார் 6 லட்சம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நூற்றில் 95 சாவு ஆப்பிரிக்காவில். அங்கே இறப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஏன் குழந்தைகள் என்பதற்கான பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது. அது நமக்கும் பொருந்தும்.

இங்க உள்ளூர் ஆளுங்க மலேரியான்னா சளி புடிச்ச மாதிரி பேசுறாங்க. ரெண்டு தடவை வந்தா நமக்கும் பழகிடும்னு சீனியர் சொல்றாரு, நிஜமா?

உள்ளூர்க்காரர்கள் அப்படிப் பேசக் காரணம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கடி வாங்கி, பல தடவை நோய் வந்து, அதில் பிழைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். உடம்பில் அரைகுறையாக ஒரு எதிர்ப்பு வந்திருக்கும். ஒட்டுண்ணி ரத்தத்தில் இருந்தாலும் நோய் முற்றுவது குறைவு. அந்த எதிர்ப்பு இன்னும் வராத வயதில்தான் குழந்தைகள் சாகிறார்கள். மலேரியாவைப் பொறுத்தவரை ஊரிலிருந்து வந்து இறங்கும் முப்பது வயது ஆளும் அந்தக் குழந்தையும் ஒன்றுதான்.

இரண்டு தடவை வந்தால் எதுவும் பழகாது. ஃபால்சிபாரமுக்கு எதிர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகும், வந்தாலும் நிலைக்காது. லண்டனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு விடுமுறைக்குத் திரும்பும் நைஜீரியர்களே படுத்துவிடுகிறார்கள். சீனியர் தப்பித்தார் என்றால் நேரத்துக்கு மாத்திரை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏசி ரூம் தர்றாங்களாம். அப்புறம் கொசு எங்கிருந்து கடிக்கும்?

ஏசி ஓடிக்கொண்டே இருந்து, சன்னலும் சரியாக மூடியிருந்தால் நல்ல பாதுகாப்புதான். ஆனால் கரண்ட் போகும், ஜெனரேட்டருக்கு டீசல் தீரும். வியர்த்துக் கொட்டும்போது எல்லோரும் செய்வது சன்னலைத் திறப்பது. அதனால் ஏசி இருந்தாலும் கட்டிலுக்கு மருந்து தோய்த்த வலை கட்டுங்கள், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். துவைத்தால் நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் போட்டால் மருந்தின் வீரியம் போகும். ஓட்டை விழுந்த வலையைத் தைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். கடி வாங்குவது படுக்கையில் மட்டும் இல்லை. ஷிப்ட் முடிந்து வெளியே நாற்காலி போட்டுப் பேசுவது, இரவில் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மூலைக்குப் போய் வீட்டுக்குப் பேசுவது, நைட் ஷிப்ட், பாதுகாப்பு வேலை இவையெல்லாம் கணக்கில் வரும். முழுக்கை சட்டை, நீள பேன்ட், சாக்ஸ் போடுங்கள். கணுக்கால்தான் அதிகம் கடிபடும். டீட் கலந்த கொசு விரட்டி வாங்குங்கள். வியர்த்தால் மறுபடி பூச வேண்டும், காலையில் பூசியது இரவுக்கு உதவாது.

சைட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடச் சொல்லுங்கள். சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டு மலேரியா பரப்புவது அனாஃபிலஸ் ஸ்டீபன்சி என்கிற நகரத்துக் கொசு. அது 2012-இல் ஜிபூட்டியில் காணப்பட்டு, பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா என்று பரவியிருக்கிறது. நமக்கு முன்னாலேயே நம்ம ஊர்க் கொசு அங்கே வேலைக்குப் போய்விட்டது.

தடுப்பு மாத்திரை இருக்காமே. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முழுக்க முழுங்கணுமா?

முதலில் என்ன மாத்திரைகள் என்று சொல்கிறேன். அடோவாகுவோன்–புரோகுவானில் தினமும் ஒன்று. கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கி, அந்த நாட்டை விட்டு வந்தபிறகு 7 நாள் வரை. விலை அதிகம். டாக்சிசைக்ளின் மலிவு. அதுவும் தினமும்தான், ஆனால் திரும்பி வந்தபிறகு 4 வாரம் தொடர வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துபோகும் என்பதால் வெளிவேலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருந்தால் நெஞ்செரிச்சல் வராது. மெஃப்லோகுயின் வாரம் ஒன்று. குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும், திரும்பியபின் 4 வாரம். மனநலச் சிக்கல், வலிப்பு இருந்தவர்களுக்கு அது கூடாது.

இரண்டு ஆண்டு முழுக்க எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர் பார்வையில் எடுக்கலாம். நடைமுறையில் பெரும்பாலோர் நடுவில் விட்டுவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், முதல் சில மாதங்களாவது விடாதீர்கள். எந்த கிளினிக் நல்லது, எந்த ரூமில் கொசு அதிகம் என்று எதுவுமே தெரியாத காலம் அது. நிறுத்துவது என்று முடிவு செய்தால் மேலே சொன்ன வலை, முழுக்கை விஷயத்தில் ஒரு நாளும் தளர்வு இருக்கக்கூடாது.

லாரியகோ வாரத்துக்கு ரெண்டு போட்டா போதும்னு ஊர்ல மெடிக்கல் ஷாப்காரர் சொன்னாரே?

அது குளோரோகுயின். சென்னை வைவாக்ஸுக்கு இன்றும் நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆப்பிரிக்க ஃபால்சிபாரம் பல பத்தாண்டுகளாகவே அதற்கு மசிவதில்லை. போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பது போடாமல் இருப்பதை விட மோசம்.

மாத்திரையும் போட்டேன், வலையும் கட்டினேன். இனி வரவே வராதுல்ல?

வாய்ப்பு மிகவும் குறையும், பூச்சியம் ஆகாது. எனவே காய்ச்சல் வந்தால் “நான்தான் மாத்திரை போடுகிறேனே” என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. தடுப்புக்குப் போட்ட அதே மருந்தை வைத்தே வந்த மலேரியாவைக் குணப்படுத்தவும் கூடாது.

வந்து இறங்குன மூணாவது நாளே காய்ச்சல். மலேரியாவா இருக்குமோ?

இங்கே கடித்த கொசுவால் மூன்றாம் நாளே வராது. கடித்து நோய் தெரிய குறைந்தது 7 நாளாவது ஆகும், ஃபால்சிபாரமுக்குப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள். மூன்றாம் நாள் காய்ச்சல் என்றால் விமானத்தில் ஒட்டிய சளியோ, ஊரிலிருந்தே வந்த டெங்குவோ இருக்கலாம். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் தாண்டிய பிறகு வரும் எந்தக் காய்ச்சலையும் மலேரியா இல்லை என்று டெஸ்ட் சொல்லும் வரை மலேரியா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் படித்தபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்கம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். தலைவலி, உடம்புவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று மட்டுமே தொடங்குவதும் உண்டு. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அன்றைக்கே டெஸ்ட்.

டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். ஆனா காய்ச்சல் விடல. என்ன பண்றது?

மறுபடி எடுங்கள். தொடக்கத்தில் ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் சிக்காமல் போகலாம். சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவை வரை பார்ப்பார்கள். விரலில் குத்திப் பார்க்கும் கிட் சோதனையோடு, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் சேர்ந்தால் நல்லது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. முழுசாகக் குணமான பிறகும் கிட் சில வாரங்களுக்கு பாசிட்டிவ் காட்டும். ஒட்டுண்ணி விட்டுப்போன புரதத்தைத்தான் பெரும்பாலான கிட்கள் பிடிக்கின்றன, அது ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் போகும். மருந்து முடிந்த பிறகு “இன்னும் பாசிட்டிவ்” என்று யாராவது இன்னொரு கோர்ஸ் விற்க வந்தால் ஸ்லைடு பார்க்கச் சொல்லுங்கள்.

கிளினிக்ல மலேரியாவும் டைபாய்டும் சேர்ந்தே இருக்குன்னு சொல்லி ஊசி, டிரிப் எல்லாம் போடச் சொல்றாங்க. போடணுமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் இது தினசரிக் கதை. டைபாய்டு என்று சொல்வது பெரும்பாலும் விடால் டெஸ்ட்டை வைத்து. அந்த டெஸ்ட் நம்பகமானது இல்லை, பழைய தொற்றுக்கும் மற்ற காய்ச்சலுக்கும்கூட பாசிட்டிவ் காட்டும். உண்மையில் டைபாய்டா என்று தெரிய ரத்தக் கல்ச்சர் வேண்டும்.

மலேரியாவைப் பொறுத்தவரை, வாயால் சாப்பிட முடிகிற, வாந்தி எடுக்காத, தெளிவாகப் பேசுகிற ஆளுக்கு முதல் மருந்து மாத்திரைதான். ஊசியும் டிரிப்பும் போட்டால் பெரிய வைத்தியம் என்று நாமும் நினைக்கிறோம், கிளினிக்கும் அப்படியே நினைக்க விடுகிறது. நோய் முற்றினால்தான் ஊசி, அது நரம்பில் போடும் ஆர்டிசுனேட். அப்போதும் ஊசி முடிந்தபின் மாத்திரை கோர்ஸ் முழுதாக உண்டு. எந்த மருந்து என்று கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள்.

ரெண்டாம் நாளே நல்லாயிடுச்சு. மிச்ச மாத்திரையை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா?

வேண்டாம். அங்கே வழக்கமாகத் தரும் ஆர்டெமீத்தர்–லூமிஃபான்ட்ரின், கோஆர்டெம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும், மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்கு 8 மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு காலை மாலை. இதில் ஆர்டெமீத்தர் வேகமாக அடித்து விரைவில் உடம்பை விட்டுப் போய்விடும். மிச்சத்தை ஒழிப்பது லூமிஃபான்ட்ரின். இரண்டாம் நாள் நன்றாக இருப்பது முதலாவதால்தான், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

இதை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. கொஞ்சம் கொழுப்போடு சாப்பிட்டால்தான் லூமிஃபான்ட்ரின் உடம்பில் சேரும். காய்ச்சல் என்று வெறும் கஞ்சி குடிக்கிற நம் பழக்கம் இங்கே இடிக்கும். முழுப் பால், முட்டை, கடலை எதுவானாலும் சரி. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி சாப்பிட வேண்டும்.

போலி மாத்திரையும் உண்டு. நைஜீரியாவில் மலேரியா மருந்துப் பெட்டியில் சுரண்டிப் பார்க்கும் எண் இருக்கும், அதை எஸ்எம்எஸ் அனுப்பினால் அசலா என்று பதில் வரும். சந்தையில் தட்டில் வைத்து விற்கும் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

எப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

உளறல், மயக்கம், வலிப்பு, எழுந்து நிற்க முடியாமை, மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுப்பாகப் போதல் அல்லது மிகவும் குறைதல், மாத்திரை தங்காத வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். உளறுகிற ஆளுக்குத் தான் உளறுவது தெரியாது. அதனால் இந்தப் பட்டியல் உங்களுக்கு மட்டும் இல்லை, அறைத் தோழருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்டிசுனேட் ஊசி எந்த மருத்துவமனையில் இருக்கிறது, இரவில் வண்டி யாரிடம் என்று நல்லா இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

நிலவேம்பு பொடி பை நிறைய கொண்டு வந்திருக்கேன். சரக்கு அடிச்சா கொசு கடிக்காதாமே?

நிலவேம்பு குடிநீர் மலேரியாவைத் தடுக்காது, குணப்படுத்தவும் செய்யாது. பூண்டும் அப்படித்தான். குடித்தால் கொசு கடிக்காது என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. குடித்தவன் வலையைச் செருகாமல் தூங்குவான், அது மட்டும் நிச்சயம்.

மலேசியாவுல தோட்ட வேலை. அங்க மலேரியா ஒழிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்களே?

மனிதருக்கு மனிதர் பரவும் வகை 2018 முதல் அங்கே உள்ளூரில் இல்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை இருக்கிறது, முக்கியமாக சபா, சரவாக் பகுதிகளில். காட்டை ஒட்டிய தோட்டம், மரம் வெட்டும் வேலை என்றால் கவனம் தேவை. ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால் சீக்கிரம் முற்றும். கோலாலம்பூர் ஓட்டல் வேலைக்கு இந்தப் பயம் வேண்டாம்.

லீவுக்கு ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு. இப்ப காய்ச்சல். இங்க டெங்குதானே ஓடுது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஆப்பிரிக்காவில் காய்ச்சல் வந்தால் முதலில் மலேரியாதான் பார்ப்பார்கள். ஊரில் வந்தால் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது டெங்கு, வைரல், டைபாய்டு. மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும், அதனால் ரத்த ரிப்போர்ட்டும் டெங்கு மாதிரியே தெரியும். இரண்டு நாள் பப்பாளி இலைச் சாறிலும் டிரிப்பிலும் கழிந்தால் ஃபால்சிபாரம் முற்ற அது போதும்.

அதனால் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சலைச் சொல்லும் முன் ஊரைச் சொல்லுங்கள்: “டாக்டர், நான் நைஜீரியாவிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது, மலேரியா டெஸ்ட் எழுதுங்க.” அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தச் சோதனை இலவசம். உறுதியானால் எந்த நாடு என்பதை மறுபடி நினைவூட்டுங்கள். இந்தியாவின் பெரும்பகுதியில் ஃபால்சிபாரமுக்கு வழக்கமாகத் தரும் கூட்டு மருந்தில் ஆர்டிசுனேட்டோடு சேரும் துணை மருந்துக்கு, முக்கியமாகக் கிழக்கு ஆப்பிரிக்க ஒட்டுண்ணி பெரும்பாலும் அசைவதில்லை. மருத்துவருக்குத் தெரிந்தால் வேறு கூட்டைத் தேர்ந்தெடுப்பார். ஊருக்கு வந்தபின் மூன்று மாதம் வரை இந்த எச்சரிக்கை வேண்டும். வீட்டில் மனைவியிடமும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அழைத்துப் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

நான் யாழ்ப்பாணம். எங்கட நாட்டிலதான் மலேரியா இல்லையே, அங்க என்ன செய்யலாம்?

இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது, அதற்கு முன் உள்ளூரில் கடைசியாக நோய் தொற்றியது 2012-இல். அதனால் இளம் மருத்துவர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முந்தைய பதிலில் சொன்னது உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். நல்ல செய்தி என்னவென்றால், இலங்கை அரசின் மலேரியாத் தடை இயக்கம் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது. மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கம் மாணிக்கக் கல் வியாபாரத்துக்குப் போய்வருகிறவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். மன்னாரில் 2016 வாக்கில் ஸ்டீபன்சி கொசு கண்டுபிடிக்கப்பட்டது, ஆகவே காய்ச்சலோடு திரும்பி வருகிறவரை அங்கே தீவிரமாகவே கவனிப்பார்கள்.

எனக்கு மலேரியா இருந்தா வீட்ல குழந்தைக்கு ஒட்டுமா? மனைவி கர்ப்பம், கூட்டிட்டுப் போலாமா?

தொட்டாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது. நடுவில் கொசு வேண்டும், அல்லது ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்ததானம் செய்யப் போனால் மலேரியா வந்ததையும் வெளிநாட்டிலிருந்து வந்ததையும் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பிணியை முடிந்தால் கூட்டிப் போகாதீர்கள். கர்ப்ப காலத்தில் மலேரியா தாய்க்கும் குழந்தைக்கும் மிகவும் மோசமாகும், மேலே சொன்ன மாத்திரைகளில் டாக்சிசைக்ளின் அவர்களுக்குக் கூடாது. போயே ஆக வேண்டும் என்றால் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

திரும்பி வந்து எட்டு மாசம் ஆச்சு. மறுபடி மலேரியாங்கிறாங்க. அப்போ இது உடம்பை விட்டுப் போகவே போகாதா?

ஃபால்சிபாரம் முறையாக மருந்து எடுத்தால் போய்விடும், ஒளிந்திருக்காது. வைவாக்ஸும், ஆப்பிரிக்காவில் இருக்கும் ஓவேல் வகையும்தான் கல்லீரலில் தூங்கி மாதங்கள் கழித்து எழும். எட்டு மாதத்துக்குப் பிறகு என்றால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம், அல்லது ஊரிலேயே புதிதாகக் கடி வாங்கியிருக்கலாம். எந்த வகை என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கல்லீரலில் தூங்குவதை எழுப்பாமல் கொல்ல பிரைமாகுயின் என்று தனி மாத்திரை உண்டு, பொதுவாக 14 நாள். அதைத் தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதி உடம்பில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தச் சோதனை எடுக்க வேண்டும். அந்த நொதி குறைவானவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். மருத்துவர் அந்தச் சோதனையை எழுதித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள். 14 நாளில் காய்ச்சல் இல்லாத நாட்களே அதிகம் என்பதால் பாதியில் விடுகிறவர்கள் நிறைய. அப்படி விட்டவர்களில் சிலர்தான் அடுத்த ஆண்டும் இதே கேள்வியோடு எனக்கு மெசேஜ் போடுகிறார்கள்.